பனிப்பாறைக்குப் பெரட்டு

இலங்கைத் தீவில் பனிப்பாறை கிடையாது. ஆயினும், பனிப்பாறை ஒன்றுக்கு எவ்வாறு புறப்பட வேண்டும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அறிந்த மனிதர் ஒருவர் இத்தீவில் இருக்கிறார். அவர் கொட்டகலையில் இருக்கிறார். உலகில் வேறெங்கும் அப்படியொருவர் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். இமயமலையில் ஏறி இறங்கிய வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தவற்றைக் கல்லூரி நாட்களிலேயே படித்தவன் நான். அவர்களில் ஒருவர்கூட அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் கொண்டுபோனதாக எழுதவில்லை.

அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக்கூடும். ஊரில் எவருக்கும் தெரியாது. ‘கொழுந்து லொறி’ என்றால் தெரியும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து லொறியை முப்பத்து நான்கு வருடங்கள் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது லொறி தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பெயர் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ‘கொழுந்து லொறி, கொட்டகலை’ என்று மாத்திரம் எழுதப்பட்ட கலியாணப் பத்திரிகை ஒன்று, எங்கும் அலையாமல் நேராக அவரிடம் சேர்ந்ததை நானே கண்டிருக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களோ பட்டம், பதவி, வீட்டிலக்கம் அனைத்தும் இருந்தும் பக்கத்து ஊரான தலவாக்கலைக்குப் போய்த் திரும்புகின்றன.

மலையிலிருந்து தொழிற்சாலைக்கு அவர் ஓடிய பாதை ஏழு மைல். அதில் நாற்பத்தொரு முடக்கு. வீதி வளைவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொரு முடக்கிலும் ஹோன் அடிக்க வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்ற மறுநாள் காலை பஸாருக்கு நடந்து வந்தவர், முதல் முடக்கில் வாயால் ஹோன் அடித்தார். எதிரே வந்த தபால்காரர் சைக்கிளோடு வடிகானுக்குள் இறங்கினார். அன்று தொடங்கிய பழக்கம் பின்னர் நிற்கவேயில்லை. எங்கள் பாடசாலையின் முன்னாள் அதிபர் காலமானபோது, இறுதி ஊர்வலம் மயானத்துக்குத் திரும்பும் முடக்கில், கூட்டத்தின் நடுவிலிருந்து “பாம்... பாம்!” என்று ஓர் ஒலி எழுந்தது. பெட்டியைச் சுமந்தவர்கள் தங்களை அறியாமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றனர். அதிபர் தம் வாழ்நாளில் எவருக்கும் வழி விட்டவரல்லர். அன்று விட்டார்.

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், வாகனமே இல்லாத இவரும் இரண்டு நாள் வரிசையில் நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, “எல்லா டிரைவரும் நிக்கிறாங்க, நான் மட்டும் வீட்டுல குந்தியிருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

இத்தகையவர் பனிப்பாறைப் பயணத்தில் இறங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருடைய மனைவி மாரியாயி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மாலையில் மலையடியில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், கணவர் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மனைவி மூன்று மைல் நடந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போவார். கொழுந்து லொறியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். நம் லொறியோ சட்டத்தை மீறுபவரல்லர். ஒவ்வொரு மாலையும் மனைவியைக் கடக்கும்போது ஹோன் அடிப்பார். மனைவியும் ஒதுங்கி வழி விடுவார். “கொழுந்து ஏறிப் போவும், பறிச்சவ நடந்து போவா” என்று மாரியாயி அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். லொறிக்கு மட்டும் சிரிப்பு வராது.

மூன்று வருடங்களுக்கு முன், பக்கத்து லயத்துப் பெண்ணின் கைத்தொலைபேசியில், இமயத்தில் ஒரு பனிப்பாறையின் வாயிலிருந்து கங்கை வெளிவரும் காட்சியை மாரியாயி பார்த்தார். “இத நேருல பாத்துட்டா போதுங்க” என்றார். திருமணம் முடித்து நாற்பத்தைந்து வருடங்களில் அவர் கணவரிடம் கேட்ட முதற் பொருள் அது. லொறி அங்கேயே மூன்று முடிவுகள் எடுத்தார். மாரியாயியை அங்கே கொண்டுபோக வேண்டும். வாகனத்தின் முன் ஆசனத்தில் அமர்த்திக் கொண்டுபோக வேண்டும். ஓரடிகூட நடக்கவிடக் கூடாது. மாரியாயியின் முழங்கால்கள் அப்போதே கோயிலின் ஏழு படிகளுக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழும் நிலையில் இருந்தன. ஆதலால் மூன்றாவது முடிவே மற்ற இரண்டையும் தாங்கி நின்றது.

இவ்விடத்தில் நான் உள்ளே வர நேர்கிறது. வராதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான் வலப்பனையிலும் கொட்டகலையிலும் முப்பத்தோராண்டு புவியியல் கற்பித்தவன். உப அதிபராகவும் கடமையாற்றியவன். ரயில் நிலையத்தருகே செபஸ்தியானின் தேநீர்க்கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. நான் இல்லாத வேளையிலும் அதில் பிறர் அமர்வதில்லை என்று நம்புகிறேன். ஒரு மாலை அங்கே எட்டுப் பத்துப் பேர் இருக்கும்போது, லொறி மிகுந்த மரியாதையோடு என் முன் வந்து நின்றார்.

“சார், ஒரு சந்தேகமுங்க. கங்கை பொறக்குற ஐஸ் பாறை இருக்குங்களே, அதுவரைக்கும் ரோடு போவுதுங்களா?”

உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. பனிப்பாறை எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு நகர்கிறது, பள்ளத்தாக்கை எவ்வாறு குடைகிறது என்பனவெல்லாம் தெரியும். அதற்கு வீதி உண்டா என்று எந்தப் பாடத்திட்டமும் என்னைக் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்நேரம் பார்த்து செபஸ்தியான் தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். மூலையில் இருந்த என் பழைய மாணவர்கள் இருவர் நிமிர்ந்து பார்த்தனர்.

“போகும்” என்றேன்.

“கார் மட்டுமா, லொறியும் போவுமாங்க?”

“லொறியும் போகும். தார் வீதி. ஓரத்தில் வெள்ளைக் கோடும் உண்டு.”

அந்த வெள்ளைக் கோட்டை நான் எதற்காகப் போட்டேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“நான் சொல்லல?” என்று லொறி கடைப்பக்கம் திரும்பினார். “தண்ணி பொறக்குற எடத்துக்கு ரோடு இல்லாம இருக்குமா? நம்ம தோட்டத்துல பீலி பொறக்குற எடத்துக்கு லொறி போவுதுல்ல? போவாட்டி பைப்பு எப்படி ஏத்துறது? நம்ம நாலு லயத்துப் பீலிக்கே ரெண்டு லோடு பைப்பு. கங்கைக்கு எம்புட்டுப் பைப்பு போட்டிருப்பான்!”

லயத்துச் சனங்கள் நீர் பிடிக்கும் ஊற்றுக் குழாயே பீலி. தோட்டத்தில் ஒவ்வொரு பீலியின் தலைக்கும் ஒரு கரடுமுரடான பாதை இருப்பது உண்மைதான். கங்கையை ஒரு பெரிய பீலியாகக் கண்ட தர்க்கத்தில் எவருக்கும் பிழை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் தேநீர் குடித்தேன்.

அட்டனில் காசி யாத்திரைக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் முகவர் ஒருவர், காசிக்குப் பிறகு ஒரு வான் வண்டியில் மலைப்பாதைக்கும் அனுப்பிவைப்பதாக ஒப்புக்கொண்டார். ஒன்பது பேர் சேர்ந்தோம். லொறி, மாரியாயி, தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஐவர், செபஸ்தியான், நான். செபஸ்தியான் கத்தோலிக்கர். “காசியில நீங்க கும்புடுங்கண்ணே, நான் வேடிக்க பாக்குறேன். ஐஸுக்கு மதம் இல்லல்ல?” என்று வந்து சேர்ந்தார். நான் சேர்ந்ததற்குக் காரணம், துறைசார்ந்த ஒருவர் உடனிருப்பது நல்லது என்று எல்லோரும் வற்புறுத்தியமையே.

அடுத்த ஞாயிறு முதல் பெரட்டு தொடங்கியது. பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் ஆள் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். பிந்தி வருபவருக்கு அரை நாள்தான் பதிவாகும். அதற்கு அரைப்பேர் என்று பெயர். வாழ்நாள் முழுவதும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் லொறியோடு காத்து நின்ற மனிதர், இப்போது கோயில் முற்றத்தின் நடுவில் கையில் ஒரு கொப்பியோடு நின்றார்.

“செபஸ்தியான்!”

“வந்துட்டேண்ணே! இப்பதான் பூசை முடிஞ்சிச்சு, ஓடி வாறேன்.”

“அரைப்பேரு.”

“அண்ணே, சாமி கும்புட்டுட்டு வந்தவனுக்கு அரைப்பேரா?”

“சாமிகிட்ட முழுப்பேரு வாங்கிக்க. இங்க அரைதான்.”

நான்காம் ஞாயிறு நான் ஏழு நிமிடம் பிந்தினேன். கொப்பியில் எழுதிவிட்டு, தலையைச் சற்றே தாழ்த்தி, “சாருக்கும் அரைப்பேருங்க. மன்னிச்சுக்கணும். ஐஸ் பாறை யாருக்காவும் காத்துக்கிட்டு நிக்காதுங்க” என்றார். பனிப்பாறை ஒரு வருடத்தில் எவ்வளவு தூரம் நகரும் என்பதை நான் அப்போது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சபை நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.

பெரட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. கம்பளிக்கு ஒருவர், மிளகு ரசப்பொடிக்கு ஒருவர், வாந்தியைத் தடுக்கும் தோடம்பழத்தோலுக்கு ஒருவர். செபஸ்தியானுக்கு அட்டைக்கடிச் சவர்க்காரம்.

“பனிப்பாறையில் அட்டை இருக்காது” என்றேன்.

“மல இருக்குங்களா சார்?”

“இருக்கிறது.”

“ஈரம் இருக்குங்களா?”

“முழுவதும் ஈரம்தான்.”

“மலையும் ஈரமும் இருக்குற எடத்துல அட்ட இல்லாம எங்கங்க சார் போயிருக்கும்?” என்று கேட்டு, செபஸ்தியானின் பெயருக்கு எதிரே ஆறு கட்டி என்று திருத்தினார். முதலில் நான்காக இருந்தது.

பனிக்கட்டியில் நிற்பதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு ஞாயிறு முடிவாயிற்று. நீர்கொழும்பிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரியிடம் இரண்டு பெரிய ஐஸ் கட்டிகளைப் பெற்று, கோயிலுக்குப் பின்னால், பூசகர் காணாத இடத்தில் சாக்கு விரித்து வைத்தார். வெறுங்காலோடு ஏறி இருபது எண்ணும்வரை நிற்க வேண்டும். செபஸ்தியான் நான்கில் மாதாவைக் கூப்பிட்டு இறங்கினார். மாரியாயி அறுபதுவரை நின்றார், “இதென்னாங்க, மார்கழி மாசம் காலையில ஈரத் தேயிலக்குள்ள நிக்கிறத விடவா?” என்று கேட்டார். நான் காலுறையோடு ஏறினேன். உடனே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதே சரி. விழுந்தேன் என்று பஸாரில் பரவிய செய்தி மிகைப்படுத்தப்பட்டது. ஆனால் வீடு வரையில் மூன்று நாய்கள் என்னைப் பின்தொடர்ந்தமை உண்மை. மீன் வாடை ஆடையிலிருந்து எளிதில் போவதில்லை.

இதன் பின்னர் கடிதம். மலையுச்சியில் யாத்திரிகர் தங்கும் விடுதி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு.

“ஐஸ் பாறைக்குப் பொறுப்பான பெரிய தொரைக்குன்னு போடுங்க சார்.”

“அப்படி ஒருவர் இருக்கமாட்டார்.”

“தொரை இல்லாம மல இருக்குமாங்க? போடுங்க. எங்க ஊட்டுக்காரம்மா முன் சீட்டுல குந்திக்கிட்டு வருவாங்க. வண்டி ஐஸ் பாறையைத் தொட்டுக்கிட்டு நிக்கணும். அவுங்க கதவத் தொறந்து கால வச்சா ஐஸுல வைக்கணும். அதுக்கு ஒரு பெர்மிசன்.” சற்றுத் தயங்கினார். “முன் சீட்டு சாருக்குத்தான் கொடுக்கணும், அதான் மொற. தெரியாம இல்லீங்க. இந்த ஒருவாட்டி மன்னிச்சுக்கணும்.”

முன் ஆசனம் எனக்குரியது என்றே நானும் எண்ணியிருந்தேன். பெருந்தன்மையோடு தலையசைத்தேன். கடிதத்தை நாகரிகமான ஆங்கிலத்தில் மாற்றி, என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன்.

ஒன்பது நாளில் பதில் வந்தது. மிகச் சுருக்கமான பதில். வாகன வீதி அங்குள்ள கோயிலடியில் முடிகிறது. பனிப்பாறை அதற்கு மேலே. பதினெட்டுக் கிலோமீற்றர். ஒற்றையடிப் பாதை. நடந்துதான் போக வேண்டும்.

அக்கடிதத்தை நான் ஏழு முறை வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை.

அன்று மாலையே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று ஞாயிறுகள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பயணம் தானாகவே நின்றுபோக வழி உண்டா என்று பார்த்தேன்.

“மழைக்காலத்தில் அங்கே மண்சரிவு ஏற்படும்” என்றேன் பெரட்டில்.

“நம்மளுக்கு என்னாங்க புதுசா? போன வருசம் நம்ம வாசலுக்கே வந்துச்சே.”

“குளிர் கடுமையாக இருக்கும்.”

“கம்பளி இருக்குங்க.”

“அந்த உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு. மூச்சு முட்டும்.”

“நம்ம லயத்துக் காம்பராவுல பதினோரு பேரு படுத்து எந்திரிச்சோமுங்க சார். அத விடக் கொறைவாவா இருக்கும்?”

மூன்றாம் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை மாரியாயி என் வீட்டுக்கு வந்தார். ரயில் நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு ஒரு சிறு ஏற்றம். அதற்கே இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்து நின்றதை யன்னலால் கண்டேன். கையில் ஒரு கட்டு லீக்ஸ்.

“நம்ம காணியில போட்டதுங்க. சார் இம்புட்டு ஒதவி பண்ணுறீங்க, வெறுங்கையோட வரலாமா?”

அமரச் சொன்னேன். அமர்ந்தபின் ஒரு பையைத் திறந்து காட்டினார். அட்டனில் வாங்கிய செருப்பு. சிவப்பு, மேலே வெள்ளைப் பூ, மெல்லிய அடி.

“நடக்குறதா இருந்தா இத வாங்கியிருக்க மாட்டேங்க. ரெண்டு நாள் தாங்காது. சார்தான் சொல்லிட்டீங்களே, தார் ரோடு, காரு வாசல்லயே போய் நிக்கும்னு. அதான் ஆசைக்கு வாங்கிட்டேன்.” முழங்கால்களைத் தடவிக்கொண்டு சிரித்தார். “அவரு லொறியில ஒரு நாளும் ஏறுனதில்லீங்க. ‘ஒன்ன நடக்க வுட்டுட்டுப் போனேனே’ன்னு அவருக்கு இன்னமும் ஒரு இது. நான் ஒண்ணும் நெனைக்கல. அவருக்குத்தான். அதுக்காவது போயிட்டு வரணுங்க.”

அவர் போனபின் லீக்ஸ் கட்டு மேசையில் கிடந்தது. அதைச் சமைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த ஞாயிறு, முகவரிடம் ஒன்பது கடவுச்சீட்டுகளையும் ஒப்படைப்பதற்கு முந்திய கடைசிப் பெரட்டு. நான் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். ஆள் கூப்பிட்டு முடிந்ததும் முன்னே வந்தேன். பரிசளிப்பு விழாக்களில் பல முறை பேசியவன். அன்று முன்னுரை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“ஒரு விடயத்தை நான் உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வீதி பனிப்பாறை வரை செல்லவில்லை. அங்குள்ள கோயிலோடு முடிகிறது. மேலே பதினெட்டுக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். அன்று கடையில் நான் சொன்னது பிழை. தெரிந்துகொண்டும் மூன்று வாரம் மறைத்தது அதனினும் பெரிய பிழை.”

முதலில் வாய் திறந்தவர் செபஸ்தியான்.

“வெள்ளக் கோடு போட்டிருக்குன்னீங்களே சார்?”

“கோடும் இல்லை” என்றேன்.

லொறி கொப்பியை மூடி, சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, திரும்ப அதே பைக்குள் வைத்தார். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. மனைவியின் செருப்பைப் பார்த்தார். அன்று அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மாரியாயி. என்னை அவர் என்ன சொன்னாலும் தகும் என்று தலை குனிந்து நின்றேன். அவர் திரும்பியது செபஸ்தியான் பக்கம்.

“இந்தா, சாரு சொன்னதுல என்னாப்பா தப்பு? ரோட்டுக்காரன் இன்னும் போட்டு முடிக்கல, அம்புட்டுத்தான். நம்ம ஆறாம் நம்பர் மலைக்கு ஆபீஸ் படத்துல ரோடு இருக்கா இல்லியா?”

“இருக்கு.”

“மலையில இருக்கா?”

“எங்கண்ணே இருக்கு? எங்கப்பா காலத்துலேருந்து போடுறாங்க.”

“அதுக்காவ படம் வரைஞ்ச தொரைய யாராச்சும் பொய்யன்னு சொன்னோமா? சார நீ என்னா கேக்குற?”

முப்பத்தொரு வருடச் சேவையில் என் மானத்தைக் காக்கக் கல்வித் திணைக்களம்கூட இவ்வளவு உறுதியாக நின்றதில்லை. ஆனால் அவருடைய குரல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “டிக்கட் வேணாமுன்னு சொல்லிருவோம்” என்றார் மெதுவாக. “அவள இன்னொருவாட்டி நடக்க வைக்க என்னால முடியாது.”

அப்போது மாரியாயி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“சார், கோயிலு கிட்ட ஆறு இருக்குமில்லீங்களா?”

“இருக்கிறது. கோயிலையொட்டியே ஓடுகிறது.”

“அது எங்கேருந்து வருது?”

“அந்தப் பனிப்பாறையிலிருந்துதான். பனி உருகிய நீர்தான் அது. வேறொன்றும் இல்லை.” இம்முறை எனக்கு உறுதியாகத் தெரிந்ததையே சொன்னேன்.

“அப்ப அந்த ஐஸுதானேங்க அது?”

“அதுவேதான்.”

மாரியாயி கணவரிடம் திரும்பினார். “கேட்டீங்களா? அதுவே எறங்கி ரோட்டுக்கு வந்துருது. பொறவு நம்ம எதுக்கு ஏறிப் போவணும்? காலம் பூரா நம்ம நடந்தாச்சு. இந்தவாட்டி ஐஸு நடந்து வரட்டும்.”

செபஸ்தியான்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒன்பது பேரும் சிரித்தோம். நடையைப் பற்றி மாரியாயி சொன்னதைக் கேட்டு லொறி சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிரித்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

நாங்கள் போனோம். காசி முடித்து, வெள்ளை வான் ஒன்றில் மூன்று நாள் மலையேறினோம். முன் ஆசனத்தில் மாரியாயி, மடியில் கைகளை மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பெரிய துரையின் மனைவியைப் போல அமர்ந்திருந்தார். பின்னால் லொறியும் நானும். ஒவ்வொரு முடக்கிலும் பின் ஆசனத்திலிருந்து வாய்ஹோன். வடநாட்டு ஓட்டுநர் முதல் நாள் கோபித்தார். இரண்டாம் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் லொறி ஒரு முடக்கில் இருமிக்கொண்டிருந்தபோது, வண்டியை மெதுவாக்கி ஹோனுக்காகக் காத்திருந்தார்.

வீதி முடியும் இடத்தில் லொறி முதலில் இறங்கி, சுற்றி ஓடிப்போய் முன் கதவைத் திறந்தார். ஆற்றங்கரைக்கு நாலடி. அந்த நாலடிக்கும் செபஸ்தியானும் அவரும் கையைக் கோத்து, நாற்காலிபோல் மாரியாயியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு கல்லில் அமர்த்தினார்கள். கங்கை சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு வந்தது. மாரியாயி காலை நீருக்குள் விட்டார்.

“அய்யய்யோ! மீன்காரன் ஐஸே தேவலங்க!” என்று கத்தினார். காலை எடுக்கவில்லை.

லொறி சிவப்புச் செருப்பு இரண்டையும் தம் கம்பளிக்குள் வைத்து, நனையாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மேலே பனிப்பாறை இருந்த திசையை அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை. மாரியாயியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையொன்றும் கடிக்கவில்லை. சவர்க்காரத்தால்தான் என்று அவர் இன்றும் சொல்கிறார், நான் மறுப்பதில்லை.

இறங்கும் வழியில், இரண்டாவது மலையைத் தாண்டியதும், லொறி உறங்கிப்போனார். ஓடும் வாகனத்தில் அவர் கண் மூடி எவரும் கண்டதில்லை. தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து விழுந்தது. அதிலிருந்த தேங்காயெண்ணெய் முழுவதும் என் புதிய கம்பளிக் கோட்டில் இறங்கியது. எங்களுக்கு முன்னிருந்த வரிசையிலிருந்து செபஸ்தியான் திரும்பிப் பார்த்தார்.

“சார், கோட்டு நாசமாப் போவுதுங்க. அண்ணன எழுப்பி விடவா?”

“கோட்டுத்தானே, கழுவினால் போகும்” என்றேன். “சத்தம் போடாமல் திரும்பி உட்காருங்க. அவர் தூங்கட்டும்.”